வராதவர்களின் கணக்கு

சென்னையில் ஏதாவது ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், இந்தப் பகுதி மக்களுக்கு என்ன தேவை என்று கேட்டால், புறநோயாளிகள் பதிவேட்டைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். காய்ச்சல் இத்தனை பேர், சளி இத்தனை பேர், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்கியவர்கள் இத்தனை பேர், கர்ப்பிணிகள் இத்தனை பேர். அந்தப் பதிவேட்டில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அது வந்தவர்களின் கணக்கு மட்டுமே. அரைநாள் கூலியை விட முடிந்தவர்களும், வரிசையில் நிற்கத் தெம்பு உள்ளவர்களும், போனால் மருந்து கிடைக்கும் என்ற நம்பிக்கை உள்ளவர்களும்தான் அதில் இருக்கிறார்கள். விடியற்காலையில் சித்தாள் வேலைக்குக் கிளம்புகிறவர், இரவெல்லாம் ஏ.டி.எம். வாசலில் காவல் இருந்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர், மாடியை விட்டு இறங்க முடியாத கிழவி, எந்தச் சீட்டும் கையில் இல்லாத வடமாநிலத் தொழிலாளி ஆகியோரின் பெயர் அதில் ஏறுவதில்லை. ஒரு நகரப் பகுதியின் சுகாதாரத் தேவையை மதிப்பிடக் கிளம்புகிறவர் முதலில் தேட வேண்டியது இவர்களைத்தான் என்பது என் உறுதியான கருத்து. இந்தத் துறையின் வரலாறும் அதற்குச் சாட்சி சொல்கிறது.

1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்து, பிராட் தெருக் குழாய்தான் காரணம் என்று காட்டிய கதை பலருக்கும் தெரியும். இறக்காதவர்களை அவர் கவனித்த பகுதியைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. அதே தெருவின் மதுபான ஆலையில் வேலை பார்த்த சுமார் 70 பேரில் ஒருவர்கூடச் சாகவில்லை. பக்கத்தில் இருந்த ஏழைகள் இல்லத்தில் 535 பேர் இருந்தும் இறந்தவர்கள் 5 பேர்தான். இரண்டு இடத்திலும் சொந்தக் கிணறு இருந்தது. அந்த வட்டாரத்துப் பாதிரியார் ஹென்றி ஒயிட்ஹெட் முதலில் ஸ்னோவை நம்பவில்லை. தானே வீடு வீடாகப் போய், நோய் வந்தவர்களிடம் மட்டுமல்லாமல் வராதவர்களிடமும் எந்தத் தண்ணீரைக் குடித்தீர்கள் என்று கேட்ட பிறகுதான் அவருக்கு உறுதிப்பட்டது. அங்கே குடியிருந்தவர்கள் அவரை அறிந்திருந்ததால் கதவு திறந்தது.

லண்டனோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. ஏழைகளின் வீட்டுக்குள் போய்ப் பார்த்து, உலகம் நம்பியிருந்ததை மாற்றிய பெருமை சென்னைக்கும் உண்டு. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆகியவை சேர்ந்து இங்கே காசநோய் வேதிசிகிச்சை மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம்: நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. சென்னையின் நெரிசலான குடியிருப்புகளில் இருந்தவர்களுக்கு இந்த மூன்றும் எட்டாதவை. படுக்கைகளும் போதவில்லை. எனவே நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்ற பிரிவுக்கு அதே மருந்தைக் கொடுத்து வீட்டுக்கே அனுப்பினார்கள். ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். 1959-இல் வெளியான முடிவு மருத்துவ உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ஒரே அறையில் குடும்பமே படுத்துத் தூங்கும் வீட்டிலும், சத்தில்லாத சாப்பாட்டிலும், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே குணமானார்கள். வீட்டில் உடன் இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது.

தேவை மதிப்பீடு என்ற பெயர் அதற்கு அப்போது இல்லை. ஆனாலும் செய்தது அதைத்தான். படுக்கை வேண்டும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில், உண்மையில் வேண்டியது தடையில்லாமல் மருந்தும், அதைக் கொண்டுபோய்க் கவனிக்க ஆளும்தான் என்று கண்டுபிடித்தார்கள். இந்தக் கண்டுபிடிப்பு எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்தும் கிடைத்திருக்காது.

இறந்தவர்களைப் பற்றியும் சென்னை ஒரு வழியைக் காட்டியது. மாநகராட்சியின் இறப்புப் பதிவில் தேதி இருக்கும், வயது இருக்கும். காரணம் என்ற இடத்தில் பல நேரம் ஒன்றுக்கும் உதவாத ஒரு சொல் இருக்கும். டாக்டர் வி. கஜலட்சுமி, ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோவுடன் சேர்ந்து, 1995 முதல் 1997 வரை சென்னையில் நோயால் இறந்த 48,000 பெரியவர்களின் வீடுகளுக்கு ஆட்களை அனுப்பினார். போனவர்கள் மருத்துவர்கள் அல்லர். கேட்கப் பழக்கப்பட்டவர்கள். கடைசி நாட்களில் என்ன நடந்தது, மூச்சு எப்படி இருந்தது, இருமலில் ரத்தம் வந்ததா, எத்தனை நாள் படுத்திருந்தார் என்று குடும்பத்தார் சொல்லச் சொல்ல எழுதி வந்தார்கள். அதைப் படித்து மருத்துவர்கள் காரணத்தை முடிவு செய்தார்கள். தமிழ்நாட்டின் நகரத்திலும் கிராமத்திலும் 43,000 ஆண்களின் இறப்பை இதே முறையில் ஆராய்ந்து, உயிரோடு இருக்கும் 35,000 ஆண்களோடு ஒப்பிட்டு 2003-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆண்களில் பாதிப் பேரின் சாவுக்குப் புகைபிடித்தலும் காரணம் என்றது. காசநோய்ச் சாவுக்கும் பீடிக்கும் இருக்கும் தொடர்பை அதற்கு முன் யாரும் இவ்வளவு அழுத்தமாகச் சொன்னதில்லை. இழவு நடந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்டதால் கிடைத்த அறிவு அது.

சென்னையின் மூன்றாவது உதாரணத்தைத்தான் நான் இன்றைய நிர்வாகிகள் எல்லோரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 1996-97-இல் டாக்டர் வி. மோகன் குழுவினர் சென்னையில் இரண்டு குடியிருப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று திருமங்கலத்தில், நடுத்தர வர்க்கத்தினருடையது. மற்றது தியாகராய நகரில், குறைந்த வருமானக்காரர்களுடையது. நடுத்தர வர்க்கக் குடியிருப்பில் 12.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. ஏழைகள் பகுதியில் 6.5 சதவீதம். சர்க்கரை பணக்கார நோய் என்ற பேச்சுக்கு அந்த எண்கள் இடம் கொடுத்தன. ஆய்வு அங்கேயே நின்றிருந்தால் இன்றுவரை அப்படியே நம்பிக்கொண்டிருப்போம். பத்து ஆண்டு கழித்து அதே இரண்டு இடத்துக்கும் திரும்பிப் போனார்கள். நடுத்தர வர்க்கத்தில் 15.4, ஏழைகளிடம் 15.3. வித்தியாசம் மறைந்துவிட்டது.

திருமங்கலம் குடியிருப்பில் இன்னொன்றும் நடந்தது. ஆய்வின் முடிவுகளைக் கேட்ட அந்தக் குடியிருப்புவாசிகள், தங்கள் சொந்தப் பணத்தில் நடைப்பயிற்சிக்கு ஒரு பூங்காவை அமைத்துக்கொண்டார்கள். வாரம் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்பவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து 58.7 சதவீதமாகக் கூடினார்கள். பாராட்ட வேண்டிய செயல். ஆனால் பூங்காவுக்கு இடமும் பணமும் இருந்தவர்கள் அவர்கள். ஏழைகள் பகுதியில் சர்க்கரை இரண்டு மடங்குக்கு மேல் ஆன அதே பத்து ஆண்டில், அங்கே யாரால் பூங்கா போட்டிருக்க முடியும்? வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இல் எழுதியதன் சாரம் இதுதான்: எங்கே தேவை அதிகமோ, அங்கே நல்ல மருத்துவ வசதி குறைவாகப் போய்ச் சேருகிறது. மதிப்பீட்டின் முடிவை ஒரு பகுதியிடம் கொடுத்துவிட்டு வந்தால் மட்டும் போதாது. அதைக் கொண்டு அவர்களால் என்ன செய்துகொள்ள முடியும் என்பதையும் பார்க்க வேண்டும்.

இனி கணக்கிடும் சிக்கலுக்கு வருவோம். தேசிய குடும்ப நல ஆய்வு மாவட்ட அளவில் நிற்கிறது, வார்டு வரைக்கும் இறங்காது. 2005-06-இல் நடந்த மூன்றாவது சுற்றில் மட்டும் சென்னை உட்பட எட்டு நகரங்களில் குடிசைப் பகுதிகளுக்குத் தனியாக எண்கள் கொடுத்தார்கள். நகரச் சராசரி எவ்வளவு மறைக்கும் என்பதைக் கொரோனா காலம் காட்டியது. 2020 ஜூலையில் 12,405 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, சென்னை முழுவதற்கும் 21.5 சதவீதம் பேருக்குத் தொற்று வந்துபோயிருந்தது தெரிந்தது. தண்டையார்பேட்டை மண்டலத்தில் அது 44.2, மாதவரத்தில் 7.1. இரண்டும் வடசென்னைதான். மண்டலத்துக்கு மண்டலமே இவ்வளவு வேறுபாடு என்றால், தெருவுக்குத் தெரு எவ்வளவு இருக்கும்?

அடுத்து, யாருடைய தெரு கணக்கில் இருக்கிறது என்ற கேள்வி. 1971-இல் குடிசைப் பகுதிச் சட்டம் வந்தபோது சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகளை அரசு முறைப்படி அறிவித்தது. 1985-இல் 17 சேர்ந்தன. அதன்பின் பல பத்தாண்டுகளுக்குப் பட்டியல் அப்படியே கிடந்தது. நகரம் மட்டும் 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராகப் பெருத்தது. பட்டியலில் இல்லாத கூவக்கரை, ரயில்பாதை ஓரம், மேம்பாலத்தடி ஆகியவற்றுக்குக் குடிநீர் இணைப்பும் சுகாதாரப் பணியாளரும் கிடைப்பது அதிகாரியின் நல்ல மனத்தைப் பொறுத்தது என்றாகிவிட்டது.

மறுகுடியமர்வுப் பகுதிகளின் கதை இதைவிடக் கடினமானது. துரைப்பாக்கத்தை ஒட்டிய கண்ணகி நகர் 2000-இல் தொடங்கியது. பிறகு செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்த குடும்பங்கள் பெரும்பாக்கத்தின் எட்டடுக்குக் கட்டடங்களுக்கு அனுப்பப்பட்டன. அங்கே கட்டப்பட்டவை 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள். கடைசியாக நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-இனுடையது. 2021-இல் நடந்திருக்க வேண்டியது தள்ளிப்போனது. அதாவது, இவ்வளவு பெரிய குடியிருப்பு கணக்கெடுப்பின் கண்ணில் இன்னும் அந்த இடத்தில் இல்லை. தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கம் 2013-இல் வந்தபோது 50,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்று விதி வகுத்தது. 50,000 பேர் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாதபோது அந்த விதியை எப்படிப் பயன்படுத்துவது?

தலைக்கணக்கு சரியாக இருந்தாலும் போதாது. எட்டடுக்குக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டால், மேல்மாடியில் பக்கவாதம் வந்து படுத்திருப்பவருக்குத் தெருமுனையில் மருத்துவர் இருந்தும் பயனில்லை. நிறைமாதக் கர்ப்பிணிக்கும் அப்படியே. பழைய இடத்தில் வீட்டு வேலை பார்த்த பெண் அதே வீட்டுக்கே போய் வர 20, 25 கிலோமீட்டர் பயணம் செய்கிறாள். விடியுமுன் கிளம்பி இருட்டிய பிறகு திரும்புகிறவளுக்குத் தன் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள நேரம் எது? பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது யார்? பக்கத்து வீட்டில் இருந்த அக்காளும் அத்தையும் வேறு பிளாக்குக்கோ வேறு ஊருக்கோ போய்விட்டார்கள். பத்து வருடம் பழகிய ராயப்பேட்டை ஆஸ்பத்திரியின் சீட்டு கையில் இருக்கிறது, ஆனால் அங்கே போக ஒருநாள் கூலி போகும். எனவே மாத்திரை நிற்கிறது. வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லாததால் இன்சுலினை மண்பானைத் தண்ணீருக்குள் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்டு வைக்கும் குடும்பங்கள் உண்டு. இதையெல்லாம் நோயின் பெயரை மட்டும் கேட்கும் படிவம் எப்படிப் பிடிக்கும்?

படிவத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டில் யாருக்காவது நோய் இருக்கிறதா என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, சுகர் மட்டும்தான்" என்பார்கள். பல வீட்டில் அந்தச் "சுகர் மட்டும்தான்"கூட வராது. அனுபவமுள்ள பணியாளர் வேறு மாதிரிக் கேட்பார்: "பாட்டி, நீங்க தினமும் போடுற மாத்திரையக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்களேன்." அலமாரியிலிருந்து ஜவுளிக்கடைப் பை ஒன்று வரும். அதற்குள் அரசாங்க ஆஸ்பத்திரி மாத்திரைப் பட்டை, பாதி தீர்ந்தது. தேதி போன இருமல் மருந்து. மகன் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக் கொடுத்த முழங்கால் வலி மாத்திரை, தினம் ஒன்று. அந்தக் கடைசி மாத்திரை, பிரஷரும் சர்க்கரையும் உள்ளவரின் சிறுநீரகத்தை மெல்லக் கெடுக்கக்கூடியது. ஐந்து நிமிடத்தில் அந்த வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அந்தப் பைக்குள்ளேயே கிடைத்துவிடும்.

கேட்பவர் யார் என்பதும் முக்கியம். உள்ளூர்ப் பெண்ணாக இருந்தால் கதவு திறக்கும் என்பது சரிதான். ஆனால் காசநோயையும், எச்.ஐ.வி.யையும், குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனையும், மகன் போட்டுக்கொள்ளும் போதை மாத்திரையையும் பக்கத்துத் தெருப் பெண்ணிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். அவற்றுக்கு வெளியாள் வேண்டும், தனியாகப் பேச இடமும் வேண்டும். மாமியார் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போது மருமகள் சொன்ன பதிலை முழு உண்மையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பூட்டிய வீடு என்ற ஒன்று எல்லாக் கணக்கெடுப்பிலும் வரும். இலக்கை முடிக்க வேண்டிய அவசரத்தில் பணியாளர் அடுத்த வீட்டைத் தட்டி எண்ணிக்கையைச் சரிசெய்துவிடுகிறார். இதைப்போல ஒரு மதிப்பீட்டைக் கெடுப்பது வேறு எதுவும் இல்லை. பகல் பதினோரு மணிக்குப் பூட்டியிருக்கும் வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். திறந்திருக்கும் வீட்டில் முதியவர்களும் குழந்தைகளும் கைக்குழந்தைக்காரிகளும் இருப்பார்கள். பூட்டிய வீட்டை விட்டுவிட்டால் உழைக்கும் வயதினர் மொத்தமாக விடுபட்டுப்போவார்கள். இரவு எட்டு மணிக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையிலும் திரும்பிப் போக வேண்டும், அதற்குப் பணியாளருக்குத் தனிப்படி கொடுக்க வேண்டும். மொட்டைமாடித் தகர ஷெட்டில் எட்டுப் பேராகத் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களிடம் இந்தி தெரிந்தவர் ஒருவர் போக வேண்டும். செலவு கூடும். அந்தச் செலவைக் குறைத்தால் மிச்சத்துக்குச் செலவழித்ததும் வீண்.

இப்படியெல்லாம் கேட்டால் மக்கள் என்ன சொல்வார்கள்? பெரும்பாலும் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்து வருகிறது, தெருவிளக்கு எரியவில்லை, டாஸ்மாக் கடையை எடுங்கள், பஸ் விடுங்கள், பொதுக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போடுங்கள் என்பார்கள். இது எங்கள் துறை இல்லை என்று சுகாதார அதிகாரி குறிப்பேட்டை மூடிவிடுவார். இங்கேதான் மதிப்பீடு பெரும்பாலும் தோற்கிறது. பிரிட்டனில் சமூகக் கொள்கை ஆய்வாளர் ஜோனதன் பிராட்ஷா 1972-இலேயே, நிபுணர் வகுக்கும் தேவை வேறு, மக்கள் உணரும் தேவை வேறு, அவர்கள் வாய்விட்டுக் கேட்பது வேறு, பக்கத்துப் பகுதியோடு ஒப்பிட்டால் தெரியவருவது வேறு என்று பிரித்துக் காட்டினார். உலக சுகாதார நிறுவனத்துக்காக ஹ்யூ ஆனெட்டும் சூசன் ரிஃப்கினும் 1988-இல், நகரத்து ஏழைப் பகுதிகளுக்கென்றே ஒரு விரைவு மதிப்பீட்டு முறையை எழுதினார்கள். அது ஒரு பிரமிடு போன்றது: அடித்தளத்தில் அந்தப் பகுதியின் மக்கள், அவர்களுக்குள் இருக்கும் அமைப்புகள். அதற்கு மேல் வீடு, தண்ணீர், வருமானம், நோய். அதற்கும் மேலேதான் மருத்துவ சேவை. உச்சியில் அரசுக் கொள்கை. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், டம்பிடைக்ஸ் என்ற அரசுக் குடியிருப்பில் மருத்துவர்களே இந்த முறையை எடுத்துச் செய்தபோது, மக்கள் கேட்டவற்றில் பஸ்ஸும் இருந்தது. பெரும்பாக்கத்தில் கேட்டாலும் அதைத்தான் கேட்பார்கள். டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு முறை போக வேண்டியவருக்கு பஸ் என்பது மருந்துக்குச் சமம்.

நான் மக்கள் சொல்வது மட்டுமே தேவை என்று சொல்லவில்லை. உணராத தேவை மிகப் பெரியது. 2020-இல் தமிழ்நாடு முழுவதும் நடந்த ஆய்வில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம்தான். சர்க்கரை 17.6 சதவீதம் பேருக்கு, கட்டுக்குள் இருந்தது அவர்களில் 10.8 சதவீதம் பேருக்கு. வலிக்காத நோயை யாரும் கேட்டு வரமாட்டார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், பெண் தன்னார்வலர்களை பிரஷர் கருவியோடும் மாத்திரையோடும் வீட்டுக்கே அனுப்பியது. 1950-களின் சேத்துப்பட்டுப் பாடம் அரசுத் திட்டமாக வந்திருக்கிறது என்று நான் அதை மனதார வரவேற்கிறேன். 2023-இல் திறக்கப்பட்ட நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலை 4 முதல் 8 வரையும் இயங்குவது, வேலைக்குப் போகிறவர்களை நினைத்துப் பார்த்ததன் அடையாளம். இந்தத் தன்னார்வலர்கள் தினமும் படியேறி வீடுகளுக்குள் போகிறார்கள். பூட்டிய கதவு எது, நின்றுபோன லிஃப்ட் எது, நாறும் குழாய் எது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கையில் இருக்கும் செயலியில் அழுத்தத்தின் எண்ணையும் சர்க்கரையின் எண்ணையும் போட இடம் இருக்கிறது. மீதியை எழுதவும் ஓர் இடம் ஒதுக்கி, அதை மாதம் ஒருமுறை வார்டு அளவில் தொகுத்தால், தனியாக ஒரு பெரிய ஆய்வுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

தொகுத்ததை யாரிடம் கொடுப்பது? 2022-இல் தமிழ்நாட்டில் வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி தினத்தில், தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் பகுதி சபை கூடியபோது முதலமைச்சரே கலந்துகொண்டார். கிராம சபையில் வரவு செலவைப் படிப்பதுபோல, பகுதி சபையில் அந்தப் பகுதியின் சுகாதாரக் கணக்கைப் படிக்கச் செய்யலாம். இந்த ஆண்டு இங்கே எத்தனை பேர் இறந்தார்கள், அறுபது வயதுக்கு முன் எத்தனை பேர், எத்தனை வீடு மூன்று முறை போயும் பூட்டியிருந்தது, குடிநீர் மாதிரியில் எத்தனை கெட்டது. தனிப்பட்ட எவருடைய நோயும் வெளியே தெரியாதபடி, எண்களை மட்டும். சுகாதார அதிகாரியோடு குடிநீர் வாரியம், போக்குவரத்துக் கழகம், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆகியவற்றின் பொறுப்பாளரும் அங்கே உட்கார வேண்டும். இரண்டு மாத மாத்திரையை ஒரேயடியாகக் கொடுப்பது, ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை மருத்துவர் வருவது போன்றவை அடுத்த மாதமே சுகாதார நிலையம் செய்யக்கூடியவை. லிஃப்ட், குழாய், பஸ் ஆகியவற்றுக்கு எந்தத் துறை, எந்தத் தேதிக்குள் என்று கூட்டக் குறிப்பில் எழுதி, அதன் நகலை ரேஷன் கடையிலும் சுகாதார நிலைய வாசலிலும் ஒட்ட வேண்டும். அடுத்த கூட்டம் அந்தக் குறிப்பைப் படிப்பதில் தொடங்க வேண்டும்.